பச்சை நூலில் கட்டிய ஏழு இலைகள்

1

இன்று காலை பத்து மணிக்கு ஒட்வார் மணியடித்தார். கதவைத் திறந்தால், வழக்கம்போலக் கையில் ஒரு நூல்கட்டை. பச்சை நூல். "வாழ்த்துகள்" என்று நோர்வே மொழியில் சொல்லி நீட்டினார். சிரிக்கவில்லை. சிரிக்காமல் நிற்பதில் இந்த நாட்டு ஆண்களை வெல்ல ஆளில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. முகத்தை அம்மன் சிலை மாதிரி வைத்துக்கொண்டு வாங்கினேன். கதவைச் சாத்திய பிறகுதான் சிரித்தேன். அவரும் தன் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு சிரித்திருப்பார்.

இது நாலாவது கட்டை. வருடம் ஒன்று, இதே நாளில். நான் தையற்காரி இல்லை. ஒரு பொத்தான் தைத்தால் அது அடுத்த நாள் சட்டையோடு கோபித்துக்கொண்டு போய்விடும். பிறகு ஏன் ஒரு நோர்வே மனிதர் எனக்கு வருடாவருடம் நூல் தருகிறார் என்று ஊரிலிருந்து இதை வாசிக்கிற நீங்கள் கேட்பீர்கள். எல்லாம் வாசலில் நிற்கிற ஒரு மரத்தால் வந்தது. அவசரப்படாதீர்கள், முதலில் இருந்து வருகிறேன்.

என் பெயர் பாக்கியலட்சுமி. ஊரில் வெங்காயத் தோட்டக்காரி. பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. எழுத்துப் பிழை கிடந்தால் அச்சுக்காரர் திருத்தட்டும். கதையைத் திருத்த வேண்டாம். ஒஸ்லோவில் குரோருட் என்ற இடத்தில், மகன் குமரனோடும் மருமகள் வதனியோடும் இருக்கிறேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், அதில் கடைசி வீடு எங்களுடையது. அடுத்த வீடு ஒட்வார். ரயிலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். குமரனுக்கு ஆஸ்பத்திரிக் களஞ்சியத்தில் வேலை. வதனி மட்டக்களப்புப் பிள்ளை, முதியோர் இல்லத்தில் வேலை. பகல் முழுக்க அங்கே கிழவிகளோடு மல்லுக்கட்டிவிட்டுப் பின்னேரம் வந்து என்னோடு மல்லுக்கட்டுவாள். பேத்தி நிலா இங்கே பிறந்தவள். அவள் துரொண்ட்ஹெய்முக்குப் படிக்கப் போய்விட்டாள்.

2

எல்லாவற்றுக்கும் முதற்காரணம் என் கறிவேப்பிலை.

சட்டியில் வைத்திருந்தேன். இந்த நாட்டில் கறிவேப்பிலை வளர்ப்பது குறைமாதப் பிள்ளை வளர்ப்பது போல. கோடையில் வெளியே வைத்து, இலையுதிர் காலத்தில் உள்ளே தூக்கி, வெப்பமூட்டிக்குக் கிட்டவும் இல்லாமல் எட்டவும் இல்லாமல் வைக்கவேண்டும். அவ்வளவு பார்த்தும் அந்தத் தை மாதம் பட்டுப்போயிற்று. சட்டியை எறிய மனம் வரவில்லை. வாசலுக்கு வெளியே, பனிக்குள் வைத்துவிட்டேன்.

வைகாசியில் ஒருநாள் பார்க்கிறேன், சட்டியில் சிவந்த முளை ஒன்று!

உடனே புவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். புவனேஸ்வரி மேல்பக்கத்து அடுக்குமாடியில் இருக்கிறாள், திருகோணமலைக்காரி. அவளுடைய கறிவேப்பிலை கூரையை முட்டுகிறது என்று கோவிலில், கடையில், செத்தவீட்டில்கூடச் சொல்லுவாள்.

"புவனம், என்ர கறிவேப்பிலை வேரிலயிருந்து திரும்பத் துளிர்த்திட்டுது."

"பட்டது துளிர்க்குமோ அக்கா?"

"மற்றவையின்ர துளிர்க்காது. நான் விட்டது அரிசி கழுவின தண்ணி."

அன்று இருட்டுமுன் குரோருட்டிலிருந்து நாலு ரயில் நிலையத் தூரத்துக்குத் தமிழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் சேதி போய்விட்டது. இரண்டு பேர் கன்று கேட்டார்கள். ஓம் என்று சொன்னேன்.

நாலைந்து நாளில் இலை விரிந்தது. விளிம்பெல்லாம் நெளிந்து நெளிந்து, ஆட்டுக்குட்டி கடித்துவிட்டுப் போன மாதிரி ஓர் இலை. வதனி குனிந்து பார்த்தாள்.

"மாமி, இது கறிவேப்பிலை இல்லையே."

"குஞ்சு இலை அப்பிடித்தான் இருக்கும்."

"மணமும் இல்லையே."

"குஞ்சுக்கு என்ன மணம்? நீ வேலைக்குப் போ."

எனக்குத் தெரியாமலா? கண்டதும் தெரிந்துவிட்டது. சட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். மூன்றாம் நாள் ஒட்வார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எய்க்!" என்றார். அது இந்த மண்ணின் மரம், ஆங்கிலத்தில் ஓக் என்பார்கள். சிறகில் நீலத் துண்டு வைத்த ஒரு பறவை இருக்கிறது, காகத்தின் சாதி. அது இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகளைப் பொறுக்கி, மண் இளகிய இடமெல்லாம் ஒளித்துவைத்துவிட்டு, பிறகு எங்கே வைத்தேன் என்று மறந்துவிடுமாம். நான் உள்ளே தூக்குமுன் என் சட்டி மண் அதற்கு வசதியாக இருந்திருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் புவனம் கறிவேப்பிலை பார்க்க வந்தாள். சட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒருமுறை, கழற்றி ஒருமுறை பார்த்தாள்.

"அக்கா, உங்கட கறிவேப்பிலைக்கு நோர்வே பாஸ்போட் கிடைச்சிட்டுது போல. முகமே மாறிப்போச்சு."

"ஓம். உன்ர இன்னும் விசாவிலதானே நிக்குது."

வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "வேணுமெண்டுதான் ஓக் ஊண்டினனான். கொட்டையை நானே பொறுக்கி, நானே ஊண்டினனான். வாசலில பெரிய மரமா வளர்க்கப் போறன்" என்று சொல்லிவிட்டேன்.

"அடுத்த வருசம் மட்டும் இது நிண்டா, நான் என்ர பேரை மாத்திறன்" என்றாள் புவனம்.

அப்படித்தான் ஒரு பறவை மறந்துபோன கொட்டைக்கு நான் பொறுப்பாளியானேன்.

3

எங்கள் வரிசை முடிகிற இடத்தில் மூன்று மூலைத் துண்டு நிலம் ஒன்று இருக்கிறது. என் குசினி யன்னலுக்கு நேரே. அடியில் பாறை, மேலே நாலு விரல் புல். அந்த வருடம் எங்கள் குடியிருப்புச் சங்கம் அதில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகை ஒன்று போடத் திட்டம் வைத்திருந்தது. தகரக் கூரையோடு. நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு மலையைப் பார்க்கிற யன்னல் அது. மலைக்குப் பதிலாகத் தகரம்.

எதிர்ப்பவர்கள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று கடிதம் வந்தது. இந்த நாட்டில் எதிர்ப்புக்கும் படிவம் இருக்கிறது. சங்கத்தில் தோட்டப் பொறுப்பு ஒட்வாருக்கு. அவர் வந்து, வெறுமனே எதிர்த்தால் எடுபடாது, அந்த இடத்தில் ஒரு மரம் வைக்கக் கேளுங்கள், உள்ளூர் மரமாக இருக்கவேண்டும், தண்ணீர் கேட்காத மரமாக இருக்கவேண்டும், அதுதான் சட்டம் என்றார். பிறகு என் சட்டியைப் பார்த்தார். இது வறண்ட பாறைச் சரிவில் வளருகிற ஓக் சாதி என்று காம்பைப் பிடித்துக் காட்டினார். மற்றச் சாதிக்குக் காம்பு இல்லாத மாதிரி இருக்குமாம். இதற்கு நீளக் காம்பு.

வதனி படிவத்தை நிரப்பினாள். மேசையில் நாங்கள் மூவரும்.

"பொறுப்பாளர் பேர்?"

"என்ர பேரைப் போடு."

"அம்மா, உங்கட பேர் அந்தப் பெட்டியளுக்குள்ள அடங்காது. என்ர பேரைப் போடுவம்" என்றான் குமரன். அவனுடைய பெயரை வேலையிடத்தில் "குமா" என்று சுருக்கிவிட்டார்கள். அவனும் சுருங்கிக்கொண்டான்.

"அடங்காட்டி வெளியில நிக்கட்டும். எழுது."

வெளியே மூன்று எழுத்து நின்றது.

"முழுசா வளர்ந்தா எவ்வளவு உயரம்? ஒட்வார் இருபத்தைஞ்சு மீட்டராம், மாமி. அதுக்கு நூறு வருசத்துக்கு மேல போகுமாம்."

"எழுது. நான் இஞ்சைதான் இருக்கிறன்."

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மரம் வைக்கலாம். ஆனால் அடுத்த வருடம் புரட்டாதியில் சங்கம் வந்து பார்க்கும். கன்று உயிரோடு நின்றால் இடம் மரத்துக்கு. இல்லையென்றால் சைக்கிளுக்கு.

அந்த இலையுதிர் காலத்திலேயே சட்டியை உடைத்துக் கன்றை நட்டோம். கன்று ஒரு சாண். வேரோ என் முழங்கை மட்டும் நீளம். சட்டிக்குள் சுருண்டு சுருண்டு கிடந்தது. ஒட்வார் பாறை வெடிப்பொன்றைத் தேடிக் கம்பியால் குத்திக் குத்தி, அதற்குள் வேரை இறக்கினார்.

4

வெங்காயத் தோட்டக்காரிக்குத் தெரிந்த அன்பு ஒன்றுதான். தண்ணீர்.

ஊரில் என் வீட்டுக்காரர் கிணற்றில் இறைக்க, நான் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக் கொடுப்பேன். வாய்க்காலை வெட்டி ஒரு பாத்தி, அது நிறைந்ததும் மண்ணால் அடைத்து அடுத்த பாத்தி. காலில் ஈரம் இல்லாத நாள் கிடையாது. அதனால் பனி உருகிய மறுநாளே கன்றைச் சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டினேன். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. மீன் கழுவின தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர் எல்லாம் கூடுதல்.

ஒட்வார் ஓடிவந்தார். வதனி மொழிபெயர்த்தாள். அவள் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் நீளமாகப் பேசுவார், இவள் கட்டையாகச் சொல்லுவாள். நான் சூடாகப் பேசுவேன், இவள் ஆறவைத்துக் கொடுப்பாள்.

"தண்ணி ஊத்த வேணாமாம் மாமி. கெட்டுப்போகுமாம்."

"தண்ணியால கெட்டுப்போற மரத்தை நான் எழுபது வயசில இப்பதான் கேள்விப்படுறன். அவருக்கு ரயிலைப் பற்றித் தெரியும், மரத்தைப் பற்றி எனக்குத் தெரியும் எண்டு சொல்லு."

வதனி அவருக்கு ஏதோ சொன்னாள். ஒட்வார் நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார். என்ன சொன்னாளோ, அந்தப் பிள்ளையார் அறிவார்.

மறுநாள் ஒட்வார் என் வாளியை வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துவிட்டார். அப்போது நோர்வேக்காரர் எங்கள் நாட்டில் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம். குமரன் சாப்பாட்டு மேசையில் சொன்னான்: "அம்மாவுக்கும் மரத்துக்கும் இடையில யுத்தநிறுத்தம். கண்காணிப்பாளர் பக்கத்து வீட்டில."

யுத்தநிறுத்தம் என்றால் மீறுகிற வழியும் இருக்கும்தானே.

வெளியே போய்வந்தால் கால் கழுவிவிட்டு உள்ளே வருவது எங்கள் வழக்கம். அதை எங்கே கழுவவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரு செம்புத் தண்ணீரோடு கன்றடியில் நின்று கால் கழுவத் தொடங்கினேன். கடைக்குப் போய்வந்து ஒருமுறை. தபால்பெட்டி பார்த்து வந்து ஒருமுறை. குப்பை போட்டு வந்து ஒருமுறை. ஒரு நாளில் எட்டுத் தரம் குப்பை போட்டேன்.

ஒட்வார் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வதனியைக் கூப்பிட்டு, அம்மாவின் கால் ஏன் இவ்வளவு அழுக்காகிறது என்று கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னனீ?"

"சமயக் கடமை எண்டு சொல்லிட்டன் மாமி. வேற என்னத்தச் சொல்ல?"

அன்றிலிருந்து நான் செம்போடு வந்தால் ஒட்வார் தொப்பியைக் கழற்றி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ளுவார். அதுதான் எனக்குக் கொஞ்சம் குத்தியது. ஆனாலும் கழுவினேன்.

5

ஆனி மாதம் இலைகள் மஞ்சளாகின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துப் பெரிய செம்பாக எடுத்தேன்.

ஒருநாள் ஒட்வார் நேரே வந்து கன்றடி மண்ணில் விரலை விட்டார். எடுத்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தார். அழுகல் வாடை. எனக்கு அந்த வாடை தெரியும். தாழ்ந்த பாத்தியில் மழைநீர் நின்று, வெங்காயம் அடியோடு அவிகிற வாடை.

அவர் கையால் காட்டினார். மேலே தண்ணீர் கிடைத்தால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். கிடைக்காவிட்டால்தான் கீழே போகும், கீழே, கீழே, பாறை வெடிப்புக்குள்ளே. ஒரு விரலைத் தரையை நோக்கித் திருகித் திருகிக் காட்டினார்.

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. பனங்கொட்டை! பாத்தியில் கொட்டையைப் போட்டால் முதலில் மேலே ஒன்றும் வராது. கிழங்கு கீழே இறங்கும். இலை காட்டுகிறதெல்லாம் பிறகு. எங்கள் ஊரில் எவளாவது பனைக்குத் தண்ணீர் ஊற்றி நான் கண்டிருக்கிறேனா? ஊற்றினால் ஊரே கூடிச் சிரிக்குமே. இது இவர்களின் பனை. நான் அதன் தலையில் எட்டுத் தரம் தண்ணீர் ஊற்றி, சமயக் கடமை என்று வேறு சொல்ல விட்டிருக்கிறேன்.

பாத்தியைக் கலைத்தேன். செம்பை உள்ளே கொண்டுபோய்ச் சாமியறையில் வைத்து, இனி ஒரு துளியும் ஊற்றமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன்.

சத்தியம் பண்ணிய நேரம் பார்த்து மழையும் நின்றது. ஆடி முழுக்க ஒரு துளி இல்லை. புல்லெல்லாம் வைக்கோல். அடுத்த தெருவில் ஆசையாய் நட்ட பூச்செடிகள் கருகின. நான் யன்னலில் இருந்து கன்றைப் பார்ப்பேன், கை துருதுருவென்று வரும். கையை முழங்காலுக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொள்ளுவேன்.

நிலா ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பாள். முன்பு "அப்பம்மா, சாப்பிட்டீங்களா" என்பாள், நான் ஓம் என்பேன், பிறகு இருவருக்கும் கதை இராது. அவளுடைய தமிழ் ரயிலேறிப் போகப் போகக் குறைந்துகொண்டு வந்தது. அந்தக் கோடையில் எடுத்தவுடன், "மரம் எப்பிடி?" என்பாள். சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை என்று முதலில் கோபம் வந்தது. பிறகு பார்த்தால், மரத்தைப் பற்றி இருபது நிமிடம் கதைத்திருக்கிறோம். இடையில் நோர்வேச் சொல் விழும். நானும் பொறுக்கி எடுத்துக்கொள்ளுவேன். வேர், மொட்டு, பட்டை, இலை எல்லாவற்றுக்கும் நோர்வேச் சொல் அவளிடம்தான் படித்தேன். பத்து வருட வகுப்பில் ஏறாதது.

ஆவணி நடுவில் இலைகளின் ஓரம் பழுப்பானது. பிறகு முழுதும் பழுப்பு. ஒவ்வொன்றாக விழுந்தன. மற்ற மரங்களெல்லாம் பச்சையாக நிற்க, இது மட்டும். கடைசி இலை விழுந்த அன்று நான் மத்தியானம் சமைக்கவில்லை.

சங்கம் வருவதற்கு எட்டு நாள் இருந்தது. ஒட்வார் அப்போது பேர்கனில் தங்கை வீட்டில். கேட்கவும் ஆளில்லை. நிலாவுக்கு மட்டும் "நல்லா நிக்குது" என்று சொன்னேன்.

6

இப்போது நூலுக்கு வருகிறேன்.

நிலக்கீழ் ரயில் நிலையத்துக்குப் போகிற சரிவில் பெரிய ஓக் ஒன்று நிற்கிறது, அதே சாதி. எந்த வறட்சியும் தன்னைத் தொடவில்லை என்று பச்சைப் பசேலென்று நிற்கும். சங்கம் வருகிற அன்று காலை ஆறு மணிக்கு அதன் தாழ்ந்த கிளையில் இலை பிடுங்கினேன். பதினொன்று. நாலு கிழிந்துபோக, ஏழு மிஞ்சியது.

கோவிலுக்கு முப்பது வருடம் மாலை கட்டிய கை இது. பொத்தான் தைக்க வராது, முடிச்சுப் போட வரும். காம்பைக் கொப்போடு சேர்த்து இரண்டு சுற்று, உள்ளால் ஒரு கொக்கி, ஓர் இழுவை. வதனியின் தையல் பெட்டியில் பச்சை நூல் இருந்தது. நீளக் காம்பு கட்ட எவ்வளவு வசதி! ஒட்வார் வாயால் கேட்ட பாடம் உதவியது. கட்டி முடித்து, பூக்கடைக்காரி போலத் தண்ணீர் தெளித்து, தள்ளி நின்று பார்த்தேன். இயற்கை தோற்றுவிடும்.

எட்டு மணிக்குப் புவனம் வேலைக்குப் போகிற வழியில் தெருவில் நின்றாள். இன்றைக்கு மரணச் சான்றிதழ் எழுதுகிற நாள் என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா! பச்சையா நிக்குது!"

"பின்னே?"

"இந்த வெயிலுக்கு என்ர கறிவேப்பிலையே வாடிப்போச்சு."

"அது விசாவில நிக்கிறது, புவனம். இது குடியுரிமை."

கிட்ட வரப் பார்த்தாள். "ரயில் போகப்போகுது, ஓடு" என்று துரத்தினேன். போகிறவளைக் கூப்பிட்டு, "புதுப் பேர் என்ன வைக்கப் போறாய்?" என்றும் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

7

பத்து மணிக்குச் சங்கத்திலிருந்து கோப்போடு ஓர் இளம்பெண் வந்தாள். முதல்நாள்தான் பேர்கனிலிருந்து திரும்பியிருந்த ஒட்வாரும் வந்தார். வதனி மொழிபெயர்க்க நின்றாள். அவளுக்கு நான் சொல்லவில்லை. ஆனால் தையல் பெட்டி திறந்து கிடந்ததை அவள் பார்த்திருந்தாள். கன்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

"அழகாக இருக்கிறதே" என்றாள் கோப்புப்பெண், நின்ற இடத்திலிருந்து.

ஒட்வார் முழங்காலில் இருந்தார்.

நான் ஒன்றை யோசிக்காமல் விட்டிருந்தேன். மரம் இலை விட்டால் நாலு பக்கமும், வெயிலைப் பார்த்துத்தான் விடும். நானோ பழக்கதோஷத்தில் கோவில் வாசலுக்கு மாவிலைத் தோரணம் கட்டுவது போலக் கட்டிவிட்டேன். ஏழு இலையும் ஒரே வரிசையில், நுனி கீழே தொங்க, முகம் தெருவைப் பார்க்க, வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டு நின்றன.

ஒட்வார் ஓர் இலையைத் தொட்டார். காம்பைத் தொட்டார். பச்சை நூலை விரலால் தடவினார். அப்படியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

அவர் எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டினார். கோப்புப்பெண்ணிடம், "எழுதுங்கள். இலை நன்றாக இருக்கிறது" என்றார்.

அவ்வளவு நோர்வே மொழி எனக்கு விளங்கும். அவருடைய காது இரண்டும் செக்கச்சிவந்து போயிருந்ததும் தெரிந்தது. அந்த மனிதர் பொய் சொல்லி நான் கண்டதில்லை. நான் கால் கழுவியபோது தொப்பி கழற்றிய மனிதர். பேனா காகிதத்தில் முட்டுகிறது. இடம் என்னுடையது. தகரக் கூரை இல்லை. புவனம் பெயர் மாற்றவேண்டும்.

எனக்காக நான் எத்தனை பொய்யும் சொல்லுவேன். எனக்காக இன்னொருவர் சொல்லிக் காது சிவந்து நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வதனியிடம் சொல்லலாம், ஆனால் அவள் ஆறவைத்துவிடுவாள். நானே முன்னுக்குப் போனேன். நிலாவிடம் படித்த சொற்களைப் பொறுக்கி, என் வாயால், நோர்வே மொழியில் சொன்னேன்.

"இலை... நான். ஏழு. மரம்... இலை இல்லை."

கோப்புப்பெண்ணின் பேனா நின்றது. வதனி கண்ணை மூடினாள். தெருவில் ஒரு நாய் போயிற்று.

ஒட்வார் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தி எடுத்து, கன்றின் தண்டில் நகக்கண் அளவு பட்டையைச் சுரண்டினார். உள்ளே ஈரமான பச்சை. என் நூலைவிடப் பச்சை. பிறகு கொப்பு நுனியைக் காட்டினார். மிளகு அளவில் கொத்தாக மொட்டுகள். காலையில் நூல் கட்டும்போது நான் கண்டவைதான். முள்ளாக்கும் என்று நினைத்திருந்தேன்.

பிறகு வதனியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். இந்த முறை அவள் கட்டையாக்கவில்லை.

"இலைய அதுவேதான் கழட்டிப் போட்டதாம் மாமி. தண்ணி இல்லாத நேரம் சுமக்க ஏலாததை இறக்கி வெச்சுப்போட்டு, வேரை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்குமாம். செத்த மாதிரித் தெரியுமாம். சாகல்லையாம். அதுக்கு உங்கட இலை தேவையே இல்லையாம்."

நான் கன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோப்புப்பெண்ணின் தாளில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. உயிர் உண்டு, உயிர் இல்லை. உண்டு என்பதில் புள்ளடி போட்டாள். கீழே குறிப்பு எழுத இடம் இருந்தது. என்ன எழுத என்று ஒட்வாரைக் கேட்டாள்.

"பொறுப்பாளர் அளவுக்கு மீறி உதவுகிறார்" என்றார் ஒட்வார்.

சிரிக்கவில்லை. அவள் அதை அப்படியே எழுதினாள். பிரதி என்னிடம் இருக்கிறது.

8

அடுத்த வைகாசியில் அந்த மிளகுகள் எல்லாம் வெடித்தன. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று இலை. நிலாவை எடுத்துச் சொன்னேன், கட்டிய கதையையும் சேர்த்து. அவள் சிரித்த சிரிப்பில் பாதி நோர்வே, பாதி எங்கள் குடும்பம்.

இப்போது மரம் என் தோளுக்கு வந்துவிட்டது. அன்று வாங்கிக்கொண்டு போன என் வாளி இன்னும் ஒட்வார் வீட்டில்தான். அதில் உருளைக்கிழங்கு வைத்திருக்கிறார். சைக்கிள் கொட்டகை அந்த வரிசையின் மறுமுனைக்குப் போயிற்று. அங்கே யாருடைய யன்னலை மறைக்கிறதோ, அவர்கள் மரம் வைக்கட்டும். சமாதானம் பேசினவர்கள் பேச்சை முடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஊரிலிருந்து வருகிற சேதி கேட்டால் நான் இந்த மரத்தடியில் போய்க் கொஞ்சநேரம் நிற்பேன். ஒன்றும் ஊற்றுவதில்லை, சும்மா நிற்பேன்.

இன்று நூல்கட்டையைத் தந்துவிட்டு ஒட்வார் என்னை வெளியே கூப்பிட்டார். அடிக்கொப்பொன்றில் பழைய முடிச்சு ஒன்று இன்னும் இருந்தது. இலை போய் நாலு வருடம், நூல் போகவில்லை. கொப்பு பருத்து, நூல் பட்டைக்குள் இறங்கிவிட்டது. விட்டால் கொப்பை நெரித்துவிடும் என்றார். கத்தியை என்னிடம் நீட்டினார். தானே வெட்டியிருக்கலாம், ஆனால் நீட்டினார். முடிச்சு என்னுடையதுதானே. நானே வெட்டினேன். என் முடிச்சு என்று சொல்லக்கூடாது, நல்ல முடிச்சு. இலகுவில் விடவில்லை.

இனி ஒன்றுதான் மிச்சம். புவனம் பெயர் மாற்றவில்லை. ஆனால் அந்தக் கோடைக்குப் பிறகு என் முன்னால் கறிவேப்பிலைக் கதை எடுப்பதில்லை. "பாக்கியக்காவின்ர கைக்கு வறட்சியிலயும் இலை நிக்கும்" என்று கோவிலில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நாலு வருடமாக அதைக் கேட்டு, காது குளிர, வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

இது அச்சில் வந்தால் அவள்தான் முதலில் வாசிப்பாள். வாசிக்கட்டும். புவனம், கொட்டையை ஊன்றியது ஒரு பறவை. இலையைக் கட்டியது நான். மிச்சத்தையெல்லாம் மரம்தான் பார்த்தது. பெயரை மாற்றாதே. ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக்கு வா. வரும்போது உன் கறிவேப்பிலையில் நாலு கொத்து முறித்துக்கொண்டு வா.

ஒட்வார் தந்த நாலு கட்டைப் பச்சை நூலை வைத்துக்கொண்டு நான் வேறு என்னத்தைக் கட்ட?